விண்மீன் உட்கார்ந்த பலகைகள்

சங்குமுனைக்கு டிரெய்லர் வந்து, அதன் இரண்டு நீளப் பலகைகள் மேல் ஊர்ப்பொதுப் படகான விண்மீன் முதன்முதலாக ஏறி உட்கார்ந்த அன்று, பகல் பதினொரு மணிக்கு, ஊரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பின்பக்கம் இரண்டு கோடாக வலித்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கு வலித்தது, கோயில் படியில் இருந்தவர்களுக்கு வலித்தது, பள்ளிக்கூடத்தில் சம்மணம் போட்டிருந்த பிள்ளைகளுக்கு வலித்தது, வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களுக்கு வலித்தது. எழுந்து நின்றால் வலி இல்லை. மறுபடி உட்கார்ந்தால், பஞ்சு மெத்தையானாலும் சரி, கோரைப் பாயானாலும் சரி, இழைக்காத இரண்டு பலகை விளிம்புகள் மேல் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

அதுவரை படகை டிரெய்லரில் ஏற்றும் தேவை அந்த ஊருக்கு இருந்ததில்லை. நான்கு வருடங்களாகக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக மணலை எடுத்துக்கொண்டு போய், படகு ஒதுங்கிக் கிடக்க இடமில்லாமல் செய்து, கடைசியில் பாறாங்கல் கொட்டிய கரையையும் அதன் நடுவே சிமெண்டு போட்ட ஒரு சரிவையும் மட்டும் விட்டு வைத்தது. அதனால் கடலுக்குப் போய்வந்த படகை டிராக்டர் கட்டி இழுத்து, சரிவு வழியாக ஏற்றி, கோயிலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் டிரெய்லரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. விண்மீனை நம்பிப் பதினோரு குடும்பங்கள் இருந்தன. அதை ஓட்டுகிறவன் லியோன், அதிகம் பேசாதவன், சாப்பிடும்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறவன்.

வலியின் காரணத்தைக் கண்டுபிடித்தவள் லியோனின் மனைவி மெற்றில்டா. கல்யாணத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு சீட் கவர் கடையில் எட்டு வருடம் தைத்தவள் அவள். ஆட்டோ சீட், பஸ் சீட், மண்டபத்து நாற்காலி என்று அவள் கைபடாத இருக்கை அந்தப் பக்கத்தில் குறைவு. ஒரு துணியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் அது எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அன்று மதியம் அவள் கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது, மைதானத்தில் ஆட்கள் படகுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு சாக்குகளைத் திணித்தார்கள். அதே நொடியில் அவளுக்குக் கீழே சாக்கு குத்தியது. எடுக்கச் சொன்னாள், பலகை வலித்தது. வைக்கச் சொன்னாள், சாக்கு குத்தியது. மூன்று முறை சரிபார்த்துவிட்டு எழுந்துபோய், படகு எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படித்தான் ஊரும் உட்கார்ந்திருக்கிறது என்று ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பாரிடம் சொன்னாள்.

கஸ்பாருக்கு அறுபது வயது. படகு கட்டும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அதெப்படி என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே யோசித்துவிட்டு, "அப்போ பலகைக்கு என்னத்தை விரிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வேலை மெற்றில்டாவுக்கு வந்தது. முதலில் அவள் கார்ப்பெட் போட்டாள். நாகர்கோவிலில் பழைய கடைக்காரரிடம் சொல்லி, மண்டபங்களில் விரிக்கிற பச்சைக் கார்ப்பெட்டில் நல்ல கனமானதாகப் பார்த்து வாங்கி, பலகையை முழுக்கச் சுற்றி, ஆணியின் தலை படகின் வயிற்றைக் கீறாதபடி பக்கவாட்டில் பித்தளை ஆணியாக அடித்து முடித்தாள். படகை ஏற்றினார்கள். ஊர் உட்கார்ந்தது. ஒரு மாதம் சங்குமுனை அவ்வளவு சுகமாக உட்கார்ந்தது. கல்லில் உட்கார்ந்தாலும் மெத்தென்று இருந்தது. டீக்கடையில் போட்ட டீ ஆறிப்போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு யாரும் எழுந்து வீட்டுக்குப் போகாமல் ஃபாதர் வந்து கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

ஆனால் கார்ப்பெட் தண்ணீரைக் குடித்தால் விடாது. தினமும் உப்புத் தண்ணீரோடு வந்து ஏறிய படகு அதைக் காயவே விடவில்லை. இரண்டாம் மாதம் ஊருக்கே அடியில் ஈரம் கண்டது. வெயிலில் காய்ந்து கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நனைந்த துணிமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது, கார்ப்பெட்டின் மயிருக்குள் புகுந்த மணல் படகைத் தேய்க்கத் தேய்க்க எல்லோருக்கும் அரித்தது. சங்குமுனைக்காரர்கள் இதற்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள். காலையில் பவுடர் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். ஈரமில்லாத நாற்காலிகளை ஒரு ஆறுதலுக்காக வெயிலில் கவிழ்த்தார்கள். ஊர் எல்லையில் இருந்த ஓடைப்பாலத்தைத் தாண்டினால் இந்தத் தொல்லை இல்லை என்று தெரிந்ததும், பெண் பார்ப்பது, பாகம் பிரிப்பது போன்ற உட்கார்ந்து பேச வேண்டிய காரியங்களையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

கார்ப்பெட் அழுகிப் பலகையும் இற்றுப்போகத் தொடங்கியபோது, மெற்றில்டா அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு நீல டிரம்மைக் கையில் எடுத்தாள். தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டிரம்களை நீளவாக்கில் அறுத்து, வெந்நீர் ஊற்றி நிமிர்த்தி, பட்டை பட்டையாகப் பலகையில் பதித்தாள். தண்ணீர் தங்காது, மணல் ஒட்டாது, படகை இறக்க இரண்டு ஆள் போதும் என்று கமிட்டிக்குச் சொன்னாள். சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் மைதானம் கடலைப் பார்த்துச் சற்றுச் சரிந்த மைதானம். கயிறு கட்டி நிறுத்திய படகு அந்த வழவழப்பின் மேல் எந்நேரமும் இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரும் அப்படியே ஆயிற்று.

உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மெதுவாகக் கடலைப் பார்த்து வழுக்கினார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சின் கிழக்கு முனையில் ஒரு தட்டி கட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுவரில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். வீடுகளில் கடலைப் பார்த்த சுவரை ஒட்டி நாற்காலிகள் போடப்பட்டன, விருந்தாளிகள் சுவரைப் பார்த்தே பேசிவிட்டுப் போனார்கள். யாராலும் ஒரு விஷயத்தை முழுதாக உட்கார்ந்து பேச முடியவில்லை. தொடங்கிய பேச்சை விட்டுவிட்டு எழுந்தார்கள், எழுந்தவர்கள் நடந்தார்கள், நடந்தவர்களில் சிலர் பாலத்தையும் தாண்டிப் போனார்கள். அந்த மழைக்காலத்தில் மட்டும் இருபத்திரண்டு பேர் வேலை தேடி வெளியூர் போனார்கள். லியோனின் தங்கை பிரிஜித்துக்கு அப்போதுதான் கல்யாணமாகி மூன்று மாதம். அவள் புருஷன் ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து எழுந்தவன் கொச்சிக்குப் போய்ப் பெரிய போட்டில் ஏறிவிட்டான். அவன் போன பிறகுதான் அவளுக்குத் தான் உண்டாகியிருப்பது தெரிந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, டிரெய்லரைச் சரிவில் இறக்குவதற்கு முன்னாலேயே யாரோ கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட, விண்மீன் கண்ணிமைக்கும் நேரத்தில் நீலப் பட்டை மேல் வழுக்கி இறங்கியது. பின்னால் நின்றிருந்த கஸ்பாரின் வலது கால் அதற்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு உடைந்தது. மெற்றில்டா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். கொக்கியைக் கழற்றியவனையும் அவர் திட்டவில்லை, நீல டிரம்மைத் தேர்ந்தெடுத்த அவளையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவளுக்கே பாதி கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கட்டோடு திரும்பி வந்த கஸ்பார், அடுத்த விரிப்பைத் தானே முடிவு செய்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து, எங்கோ நிலக்கரி சுமந்து ஓடித் தேய்ந்த கறுப்புக் கன்வேயர் பெல்ட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அதை அறுத்துப் பலகைகளுக்கு போல்ட் போடச் சொன்னார். ரப்பர் பிடித்தால் விடாது, படகை இறக்குவதற்குப் பத்து ஆள் வேண்டியிருக்கும் என்று மெற்றில்டா சொல்லிப் பார்த்தாள்.

"பிடிக்கட்டும்," என்றார் கஸ்பார். "ஊருன்னா எதுலயாவது பிடிப்பு வேணும். எல்லாரும் வழுக்கிட்டே இருந்தா எப்படி?"

அது தப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வாள்.

பெல்ட் போட்ட பிறகு சங்குமுனை அசையாமல் உட்கார்ந்தது. யாரும் வழுக்கவில்லை. தட்டிகளை எடுத்துவிட்டார்கள், நாற்காலிகளைச் சுவரிலிருந்து திருப்பிப் போட்டார்கள், நின்றுபோன பேச்சுகளை விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். எழுந்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எழும்போது ஒட்டிய டேப்பைப் பிய்த்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது, இன்னொருத்தர் கைகொடுத்துத் தூக்கினால்தான் முடிந்தது. அதனால் யாரும் தனியாக உட்காரவில்லை. இருவர் இருந்தால் ஒருவர் நின்றார். பல வருடமாகப் பேசாமலிருந்த அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், தூக்கிவிட ஆள் வேண்டுமே என்று பேசத் தொடங்கினார்கள். கஸ்பாருக்கு இதில் ரொம்பத் திருப்தி.

ஆனி மாதம் தெற்கேயிருந்து வரும் சோழக்காற்று மூர்க்கமாக வீசியது. கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை வந்தது, விண்மீன் மைதானத்திலேயே நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் நின்றிருந்தால் பரவாயில்லை, எட்டு நாள் நின்றது. படகின் வயிறு வெயிலில் சூடேறி ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் நாளிலிருந்து ஊரில் உட்கார்ந்தவர்களை நான்கு பேர் சேர்ந்து தூக்கினாலும் எழுப்ப முடியவில்லை. கஸ்பார் கமிட்டி ஆபீஸ் நாற்காலியில் மாட்டிக்கொண்டார். டிராக்டர் ஓட்டுகிற ராயப்பன் டிராக்டர் சீட்டில் மாட்டிக்கொண்டான், அவனுக்கு அங்கேயே குடை கட்டிச் சோறு கொடுத்தார்கள். நின்றவர்கள் உட்காரப் பயந்து நின்றுகொண்டே இருந்தார்கள். கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களில், நின்றவர்கள் எல்லோரும் வீட்டுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து, தெருவின் மணலில் தடம் விழுந்துபோயிற்று.

எட்டாம் நாள் காலையில் பிரிஜித்துக்கு வலி எடுத்தது. ஏழாம் நாளே பெருக்கெடுத்த கடல் பாலத்தை ஒட்டிய ரோட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அறுந்த ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று திரும்பியது. நல்லவேளையாகக் கிராம நர்ஸ் தனலெட்சுமி ஊருக்குள் இருந்தாள். அவள் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்றாள். ஆகவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, மெற்றில்டாவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தலை இறங்கி நிக்குது, வழியும் திறந்திருக்கு, வலியும் வருது. ஆனா பிள்ளையைப் பின்னால இருந்து யாரோ பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒரு அங்குலம் வர மாட்டேங்குது. துடிப்பு குறையுதுக்கா."

மெற்றில்டா அங்கிருந்து நேராகக் கமிட்டி ஆபீசுக்குப் போனாள். கஸ்பார் ஐந்தாம் நாளாக அதே நாற்காலியில், கட்டுப்போட்ட காலை ஒரு பெட்டி மேல் நீட்டியபடி இருந்தார். படகுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே நீலப் பட்டையைச் செருக வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்டார். பெல்ட் படகைப் பிடித்த மாதிரி பிரிஜித்தின் பிள்ளையையும் பிடித்து வைத்திருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். கல்லில் அடித்த அலையின் நுரை கோயில் சுவர்வரை வந்து விழுந்துகொண்டிருந்தது. "செருகு," என்றார்.

லியோனும் நின்றுகொண்டிருந்த ஆட்களும் லாரி ஜாக்கி வைத்துப் படகின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள். ரப்பரிலிருந்து படகு விடுபட்டபோது ஊர் முழுக்க ஒரு சத்தம் கேட்டது, ஈரத் துணியைக் கிழித்த மாதிரி. மெற்றில்டா படகுக்கு அடியில் படுத்து, கோயில் கொட்டகையில் தூக்கிப் போட்டிருந்த நீலப் பட்டைகளைக் கையாலேயே தள்ளித் தள்ளிச் செருகினாள். மறுபக்கமும் அப்படியே. படகு நீலத்தின் மேல் இறங்கி உட்கார்ந்ததும், ஐந்து நாளாக ஒட்டிக்கிடந்தவர்கள் எல்லோரும் எழுந்து தள்ளாடி நின்றார்கள். மெற்றில்டா பிரிஜித்தின் வீட்டுக்கு ஓடினாள். பிள்ளை கொஞ்சம் அசைந்து, நின்றுவிட்டது.

பிரிஜித் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, விட்டுருச்சு. ஆனா எங்க போறதுன்னு தெரியாம நிக்குது," என்றாள்.

அதனால், படகு வழுக்கினால் பிள்ளையும் வழுக்கி வரும் என்று, டிரெய்லரைச் சரிவுக்குக் கொண்டுபோனார்கள். ராயப்பன் டிராக்டரைப் பின்னால் எடுத்தான். எழுந்து வந்த கஸ்பார், நொண்டிக்கொண்டே போய்க் கயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற இரும்புக் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டார். பிரிஜித்தின் வீட்டிலிருந்து சரிவுவரை பெண்கள் ஒரு வரிசையாக நின்று, உள்ளே நர்ஸ் சொல்வதை ஒருத்தி ஒருத்தியாகக் கரைக்குச் சொன்னார்கள். மெற்றில்டா சோப்புத் தண்ணீரைப் பட்டைகளில் ஊற்றினாள். டிரெய்லரின் பின்பக்கம் சரிவில் தாழ்ந்தது, கயிறு விறைத்தது, படகு ஒரு முழம் வழுக்கி நின்றது. தலைமுடி தெரிகிறது என்று வரிசை வழியாகச் சொல் வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்த சொல், அதற்கு மேல் வரவில்லை என்று வந்தது. அதற்கடுத்த சொல், துடிப்பு ரொம்பக் குறைந்துவிட்டது என்று வந்தது.

கயிற்றை விட வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. விட்டால் அந்தக் கடலில் ஆளில்லாத படகு இரண்டாவது அலையில் கல்லில் மோதி உடையும் என்பதும் தெரிந்தது. படகு உடைந்தால் அதோடு பதினோரு குடும்பமும் போகும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்றும் சொல்வதற்கில்லை. லியோன் சட்டையைக் கழற்றி மெற்றில்டாவிடம் கொடுத்தான்.

"ஆள் இருந்தா கல்லுல அடிக்காது," என்றான். "வெளியே போயிட்டா பிறகு எங்கயாவது கரை பிடிச்சுக்கிடலாம்."

தடுக்க வேண்டும் என்று மெற்றில்டாவுக்குத் தோன்றியது. சட்டையை வாங்கிக்கொண்டாள். அவன் ஏறி எஞ்சினைப் போட்டான். கஸ்பாரின் தோளில் ஒருவர் கைவைத்து, தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

"வேண்டாம்," என்றார் கஸ்பார். "பிடிச்சவன் நான். நானே விடுறேன்."

கைப்பிடியை விட்டார். விண்மீன் ஒரு சத்தமும் இல்லாமல் நீலத்தின் மேல் வழுக்கிக் கடலுக்குள் போயிற்று. ஊரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிழக்கே வழுக்கி விழுந்தார்கள். முதல் அலை படகின் மூக்கைத் தூக்கியது, இரண்டாவது அலை அதைக் கல்லை நோக்கித் திருப்பியது, லியோன் அதைத் திருப்பி நிமிர்த்தினான், மூன்றாவது அலைக்கு அப்பால் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அப்போது வரிசை வழியாகச் சொல் வந்தது. பெண் குழந்தை, அழுதுவிட்டது, தாயும் நன்றாக இருக்கிறாள்.

லியோன் வடக்கே திரும்பியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு மழை மறைத்துவிட்டது. அவனுடைய போன் கிடைக்கவில்லை. கரைக்கரையாக விசாரித்தார்கள், எங்கும் படகு ஒதுங்கியதாகத் தகவல் இல்லை. விசாரிக்க வேறு இடமில்லாமல் போனபோது மெற்றில்டா ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி அசையாமல்தான் இருந்தது. ஆனால் அவளுக்குக் கீழே அலை ஏறி இறங்கியது. படகு மிதக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி தன் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தாள். பிறகு ராயப்பன் வந்தான். ஊரே வந்தது. உட்காருவதற்குப் பயந்து எத்தனையோ நாளாக நடந்துகொண்டிருந்த ஊர் தெருவில் வரிசையாக உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தங்களுக்குக் கீழே கடல் என்ன செய்கிறது என்று கவனித்தது. ஒருவர் சாப்பிட எழுந்தால் இன்னொருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். கஸ்பார் எழுந்திருக்கவே இல்லை. மெற்றில்டாவிடம் சிலர் பேச்சுக்கொடுத்தார்கள், சிலர் வேண்டுமென்றே பேசவில்லை. ஒரு பிள்ளைக்காகப் பதினோரு குடும்பத்தின் பிழைப்பையும் படகோட்டியையும் கடலில் தள்ளிவிட்டாள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னவரும் எழுந்து போகவில்லை.

இரண்டாம் நாள் நடுப்பகலில் எல்லோரும் ஒருசேர இடதுபக்கம் சாய்ந்தார்கள். சாய்ந்தார்கள், சாய்ந்துகொண்டே போனார்கள், நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன, சிலர் தரையில் கன்னம் பட விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, நிமிர்ந்தார்கள். அவரவர் நாற்காலியை எடுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் கட்டிலில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பிரிஜித், சுவரைக் கையால் பிடித்தபடி, "அண்ணன் திருப்பிட்டான்," என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில் அடியில் ஒரு இடி விழுந்தது. பிறகு இழுபட்டார்கள். பிறகு ஆட்டம் நின்றது. முற்றாக நின்றது. எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள், அவர் மெற்றில்டாவைப் பார்த்தார். உடைந்து நின்றதா, ஒதுங்கி நின்றதா என்று அந்த அசைவின்மையிலிருந்து யாருக்கும் தெரியவில்லை.

அப்போது எல்லோருக்கும் கீழே ஏதோ வந்து சேர்ந்தது. குளிர்ச்சியாக இருந்தது. ஈரம் இருந்தது, ஆனால் அரிக்கிற ஈரம் இல்லை. வழவழப்பாக இருந்தது, ஆனால் தள்ளவில்லை. உட்கார்ந்தவர்களின் கனத்துக்கு ஏற்ப உள்ளே அமுங்கி, அமுங்கிய இடத்தில் தாங்கிக்கொண்டது. அப்படி ஒரு இருக்கையில் சங்குமுனை உட்கார்ந்ததில்லை. மெற்றில்டா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மனத்துக்குள் அழுத்திப் பார்த்தாள். ரெக்சின் இல்லை, ஸ்பாஞ்ச் இல்லை, கயிற்று நார் இல்லை, தோல் இல்லை. எட்டு வருடம் தைத்த கை அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரோ, எங்கோ ஒரு கரையில், படகுக்கு அடியில் யோசித்து எதையோ வைத்திருக்கிறார்கள். உடைந்த படகுக்கு யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். அவள் முதல்முறையாக அழுதாள்.

அரைமணி நேரத்தில், தெரியாத ஒரு நம்பரிலிருந்து அவளுடைய போன் அடித்தது. லியோனின் குரல்தான். கரகரத்து, பாதி காற்றாக வந்தது.

"நான்தான்," என்றான்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் அவள் நினைத்தாள். "என்னத்து மேல ஏத்தி வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. "வாழைத்தண்டு," என்றான். "இங்க கரையை ஒட்டித் தோட்டம். குலை வெட்டின மரத்தை எல்லாம் கொண்டுவந்து பலகை மேல அடுக்கி வச்சிருக்காங்க. மூணு நாளுக்கு ஒருதடவை மாத்தணுமாம். நசுங்கிருமாம்." பிறகு கேட்டான்: "பிள்ளை?"

"பொம்பளப் பிள்ளை. நல்லாருக்கா."

அறுந்த ரோட்டில் மண்ணும் கல்லும் கொட்டி பஸ் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. முதல் பஸ்ஸில், காலை பத்து மணிக்கு லியோன் வந்து இறங்கினான். விண்மீனை அந்தக் கரைக்காரர்கள் லாரியில் வாழைத்தண்டு பரப்பி ஏற்றிப் பின்னால் அனுப்பியிருந்தார்கள். அவன் யாரோ கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான், உதடு வெடித்திருந்தது, காலை அகட்டி அகட்டி நடந்தான். ஊர் அவனைச் சுற்றி நின்றது. கஸ்பார் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவனை மெற்றில்டாவிடம் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். பிரிஜித் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினாள். அவன் ஒரு விரலால் அதன் பாதத்தைத் தொட்டான். கடலில் இருந்த மூன்று நாளும் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை என்றும், கரையேறிய பிறகு பயத்தில் உட்கார முடியவில்லை, பஸ்ஸிலும் நின்றுதான் வந்தேன் என்றும் மெற்றில்டாவிடம் மெதுவாகச் சொன்னான்.

"இப்ப உக்காருங்க," என்றாள்.

தெருவில் கிடந்த அவளுடைய நாற்காலியில் அவன் மெதுவாக, ஒரு கையால் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவன் உடம்பு முழுக்க அவிழ்ந்தது. தலை சாய்ந்தது. அத்தனை பேர் நிற்க, அத்தனை வெயிலில், வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

லாரி இன்னும் வழியில் இருந்தது. அது எந்த இடத்தில் வருகிறது என்று உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. நல்ல ரோட்டில் ஒரு சீரான அதிர்வு, பள்ளத்தில் ஒரு குலுக்கல், ஊர்களுக்குள் நுழையும் இடத்தில் வேகத்தடைக்கு ஒரு தூக்கு. ஒவ்வொரு தூக்குக்கும் லியோன் நாற்காலியிலிருந்து நழுவப் பார்த்தான். மெற்றில்டா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவன் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். பெல்ட்டைக் கழற்றிவிட்ட வெறும் பலகையோடு டிரெய்லர் சரிவில் காத்திருக்கிறது, லாரி வந்துவிட்டால் அதில் என்ன விரிப்பது என்று கஸ்பார் கொஞ்சம் தள்ளி நின்று சைகையில் கேட்டார். பொறுங்கள் என்று அவள் தலையை மட்டும் அசைத்தாள். அடுத்த வேகத்தடை வந்தது. அவனை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள், அவன் விழித்துக்கொள்ளவில்லை.